கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோர் லேப் வரை: வளர்ச்சிக் குறைபாடு ஆய்வுக்குப் பொது வசதிகளைப் பயன்படுத்துவது எப்படி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், இந்தப் பக்கம் பொள்ளாச்சி, ஆனைமலை என்று கேரள-தமிழ்நாடு எல்லையின் இரு புறமும் வேலை பார்க்கிற சிறப்பாசிரியர்கள், தெரபிஸ்ட்கள், சைக்காலஜியோ சோஷியல் ஒர்க்கோ படித்துவிட்டு பி.எச்டி.க்குப் பதிவு செய்திருக்கிற பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: குழந்தைகளை எங்களுக்குத் தெரியும், குடும்பங்கள் எங்களை நம்புகின்றன, ஆனால் எங்கள் கல்லூரியில் ரத்தம் வைக்க ஒரு நல்ல ஃப்ரீசர்கூட இல்லை, நாங்கள் எப்படி ஆய்வு செய்வது? செய்யலாம். கருவி உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. பல ஆய்வாளர்கள் பகிர்ந்துகொள்ளும் வசதிகள் இருக்கின்றன, கட்டணம் கட்டி நேரம் வாங்கலாம். எந்த வரிசையில் எதைச் செய்வது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாக. 1963 அக்டோபர் 31 அன்று அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி கையெழுத்திட்ட சட்டம், அறிவுசார் குறைபாடு பற்றிய ஆய்வுக்கென்றே மையங்கள் கட்டப் பணம் ஒதுக்கியது. அவருடைய தங்கை ரோஸ்மேரிக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. இன்னொரு தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் இதற்காக விடாமல் வாதாடியவர், குழந்தைகள் நலனுக்கான அந்நாட்டு தேசிய ஆய்வு நிறுவனம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அந்த மையங்களில் ஒவ்வொரு பேராசிரியரும் தனித்தனியாகக் கருவி வாங்குவதில்லை. மரபணு, மூளைப் படம், நடத்தை மதிப்பீடு, புள்ளியியல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொதுப் பிரிவு இருக்கும், அதில் அந்த வேலையே கதியென்று இருக்கும் ஆட்கள் இருப்பார்கள். அதைத்தான் கோர் என்கிறார்கள். என் பார்வையில் கோரின் உண்மையான மதிப்பு கருவியில் இல்லை, அந்த ஆட்களிடம் இருக்கிறது. பத்து வருடமாக ஈ.ஈ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிற டெக்னீஷியன் ஒருவர் சொல்கிற ஒரு வார்த்தை உங்கள் ஆறு மாத வேலையைக் காப்பாற்றும்.

நம் ஊரில் இவை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது அரிது. துண்டு துண்டாகத்தான் இருக்கின்றன, நாம்தான் சேர்த்துக் கட்ட வேண்டும்.

கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதுங்கள், பிறகு போனை எடுங்கள்

எல்லோரும் செய்வது என்னவென்றால், பட்ஸ் பள்ளியிலோ (கேரளத்தில் உள்ளாட்சிகள் நடத்துகிற சிறப்புப் பள்ளி) வேறு சிறப்புப் பள்ளியிலோ இருக்கிற குழந்தைகளிடம் ரத்தம் எடுத்து, டெஸ்ட் எல்லாம் செய்து முடித்துவிட்டு, அதற்குப் பிறகு லேப் தேடுவது. கல்யாண மண்டபத்துக்குத் தேதி வாங்காமல் பத்திரிகை அடிக்கிற வேலை இது. ட்யூப் தவறாக இருக்கும், அளவு போதாது, சம்மதப் படிவத்தில் மரபணுப் பரிசோதனை என்ற சொல்லே இருக்காது. அந்த லேப் வாங்க மறுத்துவிடும், மறுப்பதுதான் நியாயமும்கூட. ஊசி குத்துப்பட்ட குழந்தைக்குப் பதில் சொல்வது யார்?

ஆகவே கோரிடம் முதல் பேச்சு, முதல் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்பே நடந்துவிட வேண்டும். இந்த வழிகாட்டியில் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் எனக்குச் சந்தோஷம்.

பேசப் போகும்போது ஒரே ஒரு பக்கம் கொண்டுபோங்கள். என்ன கேள்வி, எந்த வயதுக் குழந்தைகள், சுமாராக எத்தனை பேர், என்ன எடுக்கப் போகிறீர்கள், அதிலிருந்து எந்த எண்ணோ படமோ வேண்டும், எவ்வளவு பணம் இருக்கிறது. “ஆட்டிசம் பற்றி மரபணு ஆய்வு” என்று எழுதினால் யாரும் உதவ முடியாது. “காரணம் தெரியாத அறிவுசார் குறைபாடு உள்ள 6 முதல் 14 வயதுப் பையன்களில் ஃப்ராஜைல் எக்ஸ் எத்தனை பேருக்கு இருக்கிறது” என்று எழுதினால் (மரபணு மாற்றத்தால் அறிவுசார் குறைபாடு உண்டாகிற ஒரு நிலை அது), எதிரே உட்கார்ந்திருப்பவர் உடனே ட்யூப், அளவு, கட்டணம், நாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

புள்ளியியல்காரரையும் இதே கட்டத்தில் பாருங்கள். எல்லாத் தரவையும் எக்செல்லில் போட்டுக்கொண்டு கடைசியில் அவரிடம் ஓடுகிற பழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் ஊறிப்போயிருக்கிறது. எத்தனை குழந்தைகள் போதும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் ஒரு குழந்தையைக்கூட நாம் தொந்தரவு செய்யக் கூடாது, தேவைக்குக் குறைவாக எடுத்தாலும் எல்லோருடைய சிரமமும் வீண்தான்.

எங்கே தேடுவது

ஐ-ஸ்டெம் என்று ஒரு தேசிய இணைய வாசல் இருக்கிறது. 2020 ஜனவரியில் தொடங்கப்பட்டது. நாடு முழுக்க அரசுப் பணத்தில் வாங்கிய ஆய்வுக் கருவிகள் எங்கே இருக்கின்றன என்று அதில் தேடலாம், பதிவு செய்துகொண்டு நேரம் கேட்கலாம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் சைஃப் என்ற பொதுக் கருவி மையங்கள் தனி. சென்னை ஐ.ஐ.டி.யில் ஒன்று, கொச்சிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒன்று என்று நமக்கு எட்டுகிற தூரத்தில் உண்டு. ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் வேதியியல், பொருள் அறிவியல் கருவிகள். குழந்தைகளை வைத்துச் செய்யும் வேலைக்கு மருத்துவமனைகளையும் ஆய்வு நிறுவனங்களையும் அந்தந்தத் துறை மூலமாக நேரடியாக அணுகுவதுதான் நடைமுறை.

பாலக்காட்டுக்காரர்களுக்கு மிக அருகில் ஷொரணூரில் ஐக்கான்ஸ் இருக்கிறது, பேச்சு, மொழி, அறிதிறன் சார்ந்த குறைபாடுகளுக்கென்றே கேரள அரசு அமைத்தது. திருவனந்தபுரத்தில் குழந்தை வளர்ச்சி மையம், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம். குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவான, 17 வினாக்கள் கொண்ட திருவனந்தபுரம் வளர்ச்சிப் பரிசோதனை அட்டவணையை இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கன்வாடிப் பணியாளரே பயன்படுத்திவிட முடியும், அவ்வளவு எளிமை. தமிழ்நாட்டுப் பக்கம் வேலூர் சி.எம்.சி.யின் மரபியல் பிரிவும் குழந்தை வளர்ச்சிப் பிரிவும், முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம். பெங்களூரில் மனநலம், நரம்பியலுக்கான நிம்ஹான்ஸ். செகந்திராபாத்தில் 1984-ல் தொடங்கிய, இப்போது அறிவுசார் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் என்று பெயர் மாறியிருக்கிற அமைப்பு. ஐதராபாத்தில் டி.என்.ஏ. கைரேகை மற்றும் நோயறிதல் மையம்.

வழியில் மறந்துவிடுகிற ஒரு இடம் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம். 2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தை நலப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ் வருவது. அங்கே பெரிய கருவி இருக்காது. ஆனால் பிறந்ததிலிருந்து குழந்தையைப் பார்த்த ஆட்கள் இருப்பார்கள், ரெஃபரல் தாள்கள் இருக்கும். ஆய்வின் தொடக்கத்திலேயே அவர்களைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், வெறும் விலாசம் வாங்குகிற இடமாக நடத்தாதீர்கள்.

கோரில் கேட்க வேண்டியவற்றைத் தயங்காமல் கேளுங்கள். வெளியாட்களுக்குக் கட்டணம் எவ்வளவு, உள்ளே ஒருவர் கூட்டாய்வாளராக இருந்தால் குறையுமா, குழந்தை ஒத்துழைக்காமல் பாதியில் நின்றுவிட்டால் மறுபடி கட்ட வேண்டுமா, ஹர்த்தால் வந்து பஸ் ஓடாவிட்டால் ஸ்லாட்டை மாற்றித் தருவார்களா. கடைசிக் கேள்வியைத் திருச்சியிலோ மதுரையிலோ இருப்பவர் கேட்க மாட்டார், நாம் கேட்டே ஆக வேண்டும். ஓணம், பொங்கல், இரண்டு மாநிலத்துப் பரீட்சைத் தேதிகள் எல்லாவற்றையும் ஒரே காலண்டரில் குறித்துவிட்டு அப்புறம் நேரம் கேளுங்கள்.

அனுமதி: இரண்டு மாநிலம் என்பதை மறக்காதீர்கள்

உங்கள் நிறுவனத்தின் எத்திக்ஸ் கமிட்டி, கோர் இருக்கிற நிறுவனத்தின் எத்திக்ஸ் கமிட்டி, இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 6-ம் பிரிவு. மாற்றுத்திறனாளி ஒருவரை ஆய்வுக்கு உட்படுத்த வேண்டுமானால், அவருக்குப் புரிகிற வழியில், புரிகிற வடிவத்தில் விளக்கி அவருடைய சுதந்திரமான சம்மதத்தைப் பெற வேண்டும் என்கிறது அது. அதோடு நிற்கவில்லை, அரசு அமைக்கும் மாற்றுத்திறனாளிகள் ஆய்வுக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும் என்கிறது. அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ, அவர்களுக்கான பதிவு பெற்ற சங்கத்தின் உறுப்பினர்களாகவோ இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சட்டப் பிரிவு இது. தன்னைப் பற்றிய ஆய்வில் தன் சொல் எடுபட வேண்டும் என்று கேட்பவருக்கு எழுத்தில் கிடைத்த இடம்.

எல்லையின் இரு புறமும் குழந்தைகளைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் கேரளத்தில் சமூக நீதித் துறை, தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, இரண்டிலும் விண்ணப்பியுங்கள். ஒரு மாநிலத்தில் வாங்கிய கடிதத்தைக் காட்டி இன்னொரு மாநிலத்துப் பள்ளிக்குள் நுழையாதீர்கள். காலம் பிடிக்கும், ஆகவே திட்டத்திலேயே அதற்கு மாதங்கள் ஒதுக்குங்கள். தெரபி, மருந்து, பயிற்சி என்று ஏதாவது கொடுத்துப் பார்க்கிற ஆய்வாக இருந்தால், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன் இந்தியக் கிளினிக்கல் ட்ரயல் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டு லேபுக்குச் சாம்பிள் அனுப்புவதோ, வெளிநாட்டுப் பணமோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் திரையிடல் குழு வேறு.

சம்மதம் கேட்கிற பேச்சு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளின்படி, பெற்றோர் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. 7 முதல் 12 வயது வரை குழந்தையிடம் வாய்மொழியாக இசைவு கேட்க வேண்டும், 12-க்கு மேல் 18 வரை எழுத்தில். நம் குழந்தைகளுக்கு வயதை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. பேச்சு வராத குழந்தையும் வேண்டாம் என்று சொல்லும். முகத்தைத் திருப்பும், கையை இழுக்கும், அம்மாவின் முந்தானைக்குள் போய்விடும். அதை மறுப்பு என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஸ்லாட் பணம் போனாலும் சரி.

18 முடிந்தவர்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். பையனுக்கு 22 வயது, அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் அதிகம். வயது வந்த பிறகு பெற்றோர் தானாகவே சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ம் ஆண்டின் நேஷனல் ட்ரஸ்ட் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துத்தான் பாதுகாவலர் நியமனம் பெற முடியும். அந்தச் சான்று இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ஆனால் சான்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இளைஞரிடம் முதலில் பேசுங்கள். படம் காட்டி, மெதுவாக, இரண்டு தடவை. அவர் புரிந்துகொள்வார், நாம் நினைப்பதைவிட அதிகமாகவே.

அம்மாக்கள் கேட்கிற கேள்விக்குத் தயாராக இருங்கள். “ஏனுங் டீச்சர், இந்த ரத்தத்தப் பாத்தா எம் பையன் பேசிருவானுங்களா?” இதற்கு மழுப்பக் கூடாது. “இல்லீங்க்கா. இது வைத்தியம் இல்லைங்க. ஏன் இப்படி ஆகுதுன்னு தெரிஞ்சுக்கறதுக்கான ஆராய்ச்சி. பையனுக்கு நேரா பலன் கிடைக்காமலும் போகலாம். நீங்க வேண்டாம்னாலும் அவனோட தெரபி அப்படியே நடக்கும்.” இந்த நான்கையும் இதே தெளிவோடு சொல்லுங்கள், மலையாளம் பேசுகிற வீட்டில் மலையாளத்தில் சொல்ல ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குத் தெரபி கொடுப்பவரே சம்மதமும் கேட்டால் அம்மாவால் மறுக்க முடியாது, அந்தக் கடன்பட்ட உணர்வு வாயைக் கட்டிவிடும். வேறொருவர் கேட்கட்டும்.

பயணச் செலவு, சாப்பாடு, அப்பாவின் ஒரு நாள் கூலி, கூடவே வர வேண்டியிருக்கிற சின்னக் குழந்தைக்கான செலவு எல்லாவற்றையும் பட்ஜெட்டில் போடுங்கள். தோட்ட வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி போவது பெரிய விஷயம்.

எந்த மொழியில் டெஸ்ட்

இந்தப் பகுதியில்தான் நம் எல்லையோரத்து ஆய்வுகள் பலமும் பெறுகின்றன, கெட்டும் போகின்றன. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், டிவியில் இரண்டும் என்று வளர்கிற குழந்தையைச் சுத்தமான ஒரு மொழியில் வைத்து அளந்தால் அதன் மொழித் திறன் இருப்பதைவிடக் குறைவாகத்தான் தெரியும். பாலக்காட்டின் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் பள்ளிகளும் உண்டு, மலையாள மீடியத்தில் படிக்கிற தமிழ்க் குழந்தைகளும் உண்டு. முதலில் வீட்டுக்குப் போய் யார் யார் குழந்தையோடு எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சொல் அறிவைப் பார்க்கும்போது, ஒரு பொருளை இரண்டு மொழிகளில் எதில் சொன்னாலும் தெரியும் என்று கணக்கெடுங்கள். எந்த மொழியில் சொன்னது என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

அறிவுத்திறனையும் சமூகத் திறனையும் அளக்க பினே-காமத், மாலின் அளவுகோல், வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல், செகுவின் பலகை இவைதான் நம் கிளினிக்குகளில் புழங்குகின்றன. ஆட்டிசத்துக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற 40 வினா கொண்ட இந்திய அளவுகோல் இருக்கிறது, மொத்தம் 70-க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு நம் மருத்துவர்கள் பயன்படுத்துவதும் இதுதான். சர்வதேசப் பத்திரிகைகள் ஆடோஸ் என்ற மதிப்பீட்டைக் கேட்கும். அதற்கு முறையான பயிற்சி வேண்டும், கருவிப் பெட்டியும் விலை அதிகம். இங்கேதான் கோர் கைகொடுக்கும்: பயிற்சி பெற்றவரும் பெட்டியும் அங்கே இருப்பார்கள், நீங்கள் குழந்தையையும் மொழியையும் கொண்டுபோகிறீர்கள். வந்து மதிப்பிடுபவருக்குக் கொங்குத் தமிழ் புரியுமா என்று முன்பே கேளுங்கள். புரியாதென்றால் நீங்கள் கூட உட்கார வேண்டும், ஆனால் குழந்தைக்குப் பதில் எடுத்துக்கொடுக்கக் கூடாது, இது சிறப்பாசிரியர்களுக்கு மிகக் கடினமான கட்டுப்பாடு என்று எனக்குத் தெரியும். வீடியோ எடுத்து, குழந்தையின் முந்தைய டயக்னோசிஸ் தெரியாத இரண்டாவது ஒருவரையும் மதிப்பிட வையுங்கள். இரண்டு பேருடைய மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று தெரியாமல் மேலே போகாதீர்கள்.

ரத்தமும் உமிழ்நீரும்

டி.என்.ஏ. எடுக்க ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. ட்யூப். எடுத்தவுடன் மெதுவாக எட்டுப் பத்துத் தடவை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. குரோமோசோம் பரிசோதனையான கேரியோடைப்புக்குப் பச்சை மூடி ஹெப்பரின் ட்யூப். அதில் உயிருள்ள செல்கள் வேண்டும், ஆகவே உறைய வைத்தால் போச்சு. ஒன்றிரண்டு நாளுக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பாதீர்கள், திங்கள், செவ்வாயில் அனுப்புங்கள், அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்று போன் போட்டு உறுதி செய்துவிட்டு. ஆர்.என்.ஏ. வேண்டுமென்றால் அதற்கென்று தனி ட்யூப். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் என்னவென்று உங்களுக்கே தெரியும், மத்தியான பஸ்ஸில் சாம்பிள் பெட்டியோடு போகாதீர்கள். ஐஸ் கட்டியின் மேல் ட்யூபை நேராக வைக்காமல் நடுவில் துணியோ அட்டையோ வையுங்கள்.

ஊசிக்கு மிகவும் பயப்படுகிற குழந்தைக்கு உமிழ்நீர் எடுக்க முடியுமா என்று கோரிடம் கேளுங்கள். துப்பத் தெரியாத குழந்தைகளுக்கு ஸ்பாஞ்சு போட்டு எடுக்கிற வழி உண்டு. எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிலிருந்து சாப்பாடு, தண்ணீர் கூடாது.

எந்தப் பரிசோதனை என்பதிலும் தெளிவு வேண்டும். காரணம் தெரியாத வளர்ச்சிக் குறைபாட்டில் சாதாரண கேரியோடைப், டவுன் சிண்ட்ரோம் போன்ற வெளிப்படையானவற்றை விட்டுவிட்டால், 100 பேரில் சுமார் 3 பேருக்குத்தான் காரணம் காட்டும். குரோமோசோமில் விடுபட்ட, கூடுதலான சிறு துண்டுகளையும் பார்க்கிற மைக்ரோஅரே 15 முதல் 20 பேருக்குக் காட்டும். ஆனால் மைக்ரோஅரேயில் ஃப்ராஜைல் எக்ஸ் தெரியாது, அதற்குத் தனியாக எஃப்.எம்.ஆர்.1 மரபணுவில் சி.ஜி.ஜி. என்ற துண்டு எத்தனை தடவை திரும்ப வருகிறது என்று எண்ண வேண்டும், 200-க்கு மேல் போனால் முழு மாற்றம், 55 முதல் 200 வரை முன்நிலை மாற்றம். எக்ஸோம் (மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை எல்லாம் படிக்கிற பரிசோதனை) செய்வதாக இருந்தால் அப்பா, அம்மா, குழந்தை மூவரின் ரத்தமும் சேர்ந்து இருந்தால்தான் விடை தெளிவாக வரும். அப்பா திருப்பூரிலோ வளைகுடாவிலோ வேலையில் இருப்பார், அவர் ஊருக்கு வருகிற தேதியை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் போடாமல் சாம்பிள் எடுக்காதீர்கள். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொள்வது நம் பக்கம் சகஜம், பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே மாதிரி மாற்றம் குழந்தைக்கு வந்து சேர்கிற வாய்ப்பு அதில் கூடுகிறது. இந்தக் கேள்வியைக் கேட்கிற தொனி முக்கியம். ஊரில் எல்லோரும் அந்தத் தாயிடம் ஏற்கெனவே குத்திக் காட்டியிருப்பார்கள், நாமும் அதே குரலில் கேட்கக் கூடாது.

கருவிக்கு முன்னால் குழந்தை

ஈ.ஈ.ஜி.க்கு முதல் எதிரி தேங்காய் எண்ணெய். தலையில் எண்ணெய் இருந்தால் எலக்ட்ரோடு ஒட்டாது, சிக்னல் பாழ். முந்தின நாள் இரவு ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டச் சொல்லுங்கள், காலையில் எண்ணெய் வைக்காமல், பூ வைக்காமல், இறுக்கிப் பின்னாமல் கூட்டிவரச் சொல்லுங்கள். கண்ணசைவைப் பதிவு செய்கிற கருவி என்றால் கண்மை வேண்டாம். எம்.ஆர்.ஐ.க்கு உலோகம் எதுவும் கூடாது: கொலுசு, அரைஞாண் கொடி, அதில் தொங்குகிற தாயத்து. தாயத்தைக் கழற்றச் சொன்னால் பாட்டி சம்மதிக்காமல் போகலாம், அங்கே போய் வாசலில் நின்று வாக்குவாதம் செய்வதைவிட வீட்டிலேயே ஒரு வாரம் முன்பு பேசி, அவர்கள் விருப்பப்படி நல்ல நாள் பார்த்துக் கழற்றிக்கொள்ள விடுங்கள். மறுத்தால் அந்தக் குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. வேண்டாம், மற்ற பகுதிகளில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

எம்.ஆர்.ஐ.யில் சத்தம் பயங்கரமாக இருக்கும், தலை சில மில்லிமீட்டர் அசைந்தாலே படம் கெடும். ஆய்வுக்காக மட்டும் மயக்க மருந்து கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன், எத்திக்ஸ் கமிட்டிகளும் எளிதில் ஏற்காது. ஆகவே பயிற்சிதான் வழி. கோரிடம் அந்த அறையின் வாசல், நாற்காலி, கருவி, அங்கே வேலை செய்கிறவர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவற்றை வரிசையாக ஒட்டிச் சின்னப் புத்தகமாக்கித் தினமும் காட்டுங்கள். ஸ்கேன் சத்தத்தை போனில் முதலில் மெதுவாகவும் நாளாக நாளாகக் கூட்டியும் கேட்க வையுங்கள். பெரிய அட்டைப் பெட்டியில் சுரங்கம் மாதிரி செய்து, அதற்குள் சிலை மாதிரி படுக்கிற விளையாட்டு. சில மையங்களில் காந்தம் இல்லாத மாதிரிக் கருவியே இருக்கும், அதற்கும் ஒரு ஸ்லாட் கேளுங்கள். இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய குழந்தையை நேராகக் கருவிக்குள் தள்ளாதீர்கள். முந்தின நாளே வந்து தங்க ஏற்பாடு செய்யுங்கள், காலை முதல் ஸ்லாட்டாகப் பிடியுங்கள்.

பெயர், எண், பூட்டு

எல்லையில் ஒரே குழந்தை இரண்டு குழந்தையாகப் பதிவாகிவிடும். ஆதார் ஒரு மாநிலத்து விலாசத்தில், சிகிச்சை இன்னொரு மாநிலத்தில். மலையாளத்தில் வீட்டுப்பெயரோடு ஒரு பெயர், தமிழில் இனிஷியலோடு வேறொன்று, ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்று விதம். சேர்க்கிற அன்றே ஒரு எண் கொடுங்கள், அம்மாவின் பெயர், பிறந்த தேதி இரண்டையும் பார்த்து ஏற்கெனவே இருக்கிறதா என்று சரிபாருங்கள். பெயரையும் எண்ணையும் இணைக்கிற பட்டியல் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், பூட்டி வைத்த இடத்தில். கோருக்குப் போகிற ட்யூபிலும் ஃபைலிலும் எண் மட்டும். வாட்ஸப்பில் ரிப்போர்ட் அனுப்புகிற பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளையும், பாதுகாவலர் உள்ள மாற்றுத்திறனாளிகளையும் தனியாகவே குறிப்பிடுகிறது.

பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் போய்விடும் என்பதும் உண்மையில்லை. ஒரு வார்டில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பெண் ஒருத்திதான் இருப்பாள், ஊர்ப் பெயரும் வயதும் எழுதினாலே யாரென்று தெரிந்துவிடும். கட்டுரையில் மாவட்டத்தோடு நிறுத்துங்கள்.

முடிவு வந்த பிறகு

மரபணு முடிவை போனில் சொல்லாதீர்கள். ஃப்ராஜைல் எக்ஸ் அம்மா வழியாக வந்தது என்று தெரிந்தால் சில வீடுகளில் அந்தப் பெண்ணின் நிலை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முன்நிலை மாற்றம் இருந்தால் அவளுக்கும் அவள் தங்கைகளுக்கும் சினைப்பை சார்ந்த பிரச்சினைகள் சீக்கிரம் வரலாம், மாதவிடாய் முன்கூட்டியே நிற்கலாம், அவளுடைய அப்பாவுக்கு முதுமையில் கை நடுக்கமும் நடைத் தள்ளாட்டமும் வரலாம், ஆகவே மறைக்கவும் கூடாது. மரபியல் ஆலோசகரை வைத்து, முதலில் அவளிடம் தனியாக, பிறகு அவள் விரும்பினால் மற்றவர்களோடு. ஆலோசகருக்கான நேரத்தையும் கோர் கட்டணத்தோடு சேர்த்து முதலிலேயே வாங்கிவிடுங்கள். ஆய்வு லேபில் வந்த முடிவைச் சிகிச்சைக்குப் பயன்படுத்துவதற்கு முன் அங்கீகாரம் பெற்ற நோயறிதல் லேபில் இன்னொரு தடவை உறுதி செய்ய வேண்டும், அந்தச் செலவு குடும்பத்தின் தலையில் விழக் கூடாது.

ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்றாலும் போய்ச் சொல்லுங்கள். எத்தனையோ குடும்பங்கள், “ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க, அப்புறம் யாரும் வரலீங்க” என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், கேட்கிறபோதெல்லாம் கோபம் வருகிறது. பட்ஸ் பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டு, தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பக்கத் தாள் கொடுத்து, கேள்வி கேட்க நேரம் விடுங்கள்.

மிச்சச் சாம்பிள் என்ன ஆகிறது என்பதைச் சம்மதப் படிவத்தில் எழுதியபடியே செய்யுங்கள்: அழிப்பதா, கோரின் சேமிப்பில் வைப்பதா, வேறு ஆய்வுக்குக் கொடுக்க மறுபடி கேட்பதா. குடும்பம் பிற்பாடு மனம் மாறினால் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்ற எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள், அந்த எண்ணை எடுத்துப் பேச ஆய்வு முடிந்த பிறகும் ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் கோரின் பெயரையும் அதற்குப் பணம் கொடுத்த திட்டத்தின் பெயரையும் நன்றியில் எழுதி ஒரு பிரதி அவர்களுக்கு அனுப்புங்கள். அடுத்த வருடம் அந்த வசதிக்குப் பணம் கேட்கும்போது அவர்கள் காட்டப்போவது அந்தக் கட்டுரைகளைத்தான், கொழிஞ்சாம்பாறையிலிருந்து அடுத்து வருகிற பிள்ளைக்கு ஸ்லாட் கிடைப்பதும் அதைப் பொறுத்துத்தான்.